நைரோபி மட்டாட்டுகளும் மொபைலும்: கேள்வி பதில்

கேள்வி: கென்யாவின் தலைநகர் நைரோபியில் மக்கள் எதில் போய்வருகிறார்கள்?

பெரும்பாலும் மட்டாட்டுகளில்தான். தனியார் வேன்களும் மினி பஸ்களும். ஆள் நிறைந்தால் கிளம்பும், அவ்வளவுதான்.

கேள்வி: அந்த வழித்தடங்கள் கூகுள் மேப்பில் எப்படி வந்தன, சார்?

எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. நைரோபி பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் எம்.ஐ.டி., கொலம்பியா பல்கலைக்கழகங்களும் சேர்ந்து 'டிஜிட்டல் மட்டாட்டுஸ்' என்ற திட்டத்தை 2012இல் தொடங்கின. மாணவர்கள் கையில் போனோடு வண்டி வண்டியாக ஏறி, நிற்கும் இடங்களை ஜிபிஎஸ்ஸில் பதிந்தார்கள். பெயர்ப்பலகைகூட இல்லாத நிறுத்தங்களும் அதில் உண்டு. 130க்கும் மேற்பட்ட தடங்கள் சேர்ந்தன. 2014இல் வரைபடம் வந்தது, 2015இல் கூகுள் மேப்பில் ஏறியது. தரவை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். வரைந்த பிறகுதான் தடங்கள் எல்லாம் நகர மையத்திலேயே போய்க் குவிவது பளிச்சென்று தெரிந்தது. பக்கத்துப் பகுதிக்குப் போகவும் பலர் ஊர் நடுவே வந்து வண்டி மாறவேண்டியிருக்கிறது.

கேள்வி: கட்டணத்தையும் போனிலோ கார்டிலோ வாங்கினால் தொல்லை தீருமே?

முயன்று பார்த்தார்கள், நிலைக்கவில்லை. 2014இல் அரசே ரொக்கம் கூடாது என்றது. கூகுளும் ஈக்விட்டி வங்கியும் 2013இல் கொண்டுவந்த 'பெபாபே' என்ற பயணக் கட்டண கார்டும் 2015இல் மூடப்பட்டது. வண்டி முதலாளிக்கு ஓட்டுநரும் நடத்துநரும் தினமும் ஒரு தொகை கட்டவேண்டும், மிஞ்சுவதுதான் அவர்கள் கூலி. மழை வந்தால் கட்டணம் ஏறும். கார்டில் வாங்கினால் முழு வசூலும் முதலாளி கண்ணில் படும். ஓட்டுநரும் நடத்துநரும் ஏன் சம்மதிப்பார்கள்? நிலையான சம்பளம் கொடுக்காமல் கருவியை மட்டும் மாட்டுவது அந்த உழைப்பாளிகளுக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

கேள்வி: போன் வந்ததால் பயணம் குறைந்ததா?

சில பயணங்கள் குறைந்தன. 2007இல் எம்-பெசா என்ற மொபைல் பணச் சேவை வருமுன், ஊருக்குப் பணம் அனுப்ப பஸ்காரரிடம் கொடுத்துவிடுவார்கள், இல்லையேல் தாங்களே போவார்கள். இப்போது பட்டன் போனிலேயே அனுப்பிவிடலாம். வேறு சில பயணங்களுக்கு போன்தான் வழி செய்தது. நள்ளிரவில் பிரசவ வலி எடுத்தால், நம்பர் வைத்திருக்கும் போடா போடா (பைக் டாக்சி) ஓட்டுநரை வாசலுக்கே கூப்பிடலாம்.

கேள்வி: நேரமே இல்லாத வண்டியை ஆப்பில் எப்படிக் காட்டுவது?

ஆப்புகள் பஸ் தடங்களைப் படிக்க உதவும் ஜி.டி.எஃப்.எஸ். என்ற பொதுக் கோப்பு வடிவம் நேரம் தவறாத பஸ்களுக்காக உருவானது. நைரோபிக் குழு அதைத் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொண்டது. 8.10 வண்டி என்று எழுதாமல், சுமார் எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி வரும் என்று குறித்தால் போதும்.