சார்ஜ் போட்டால் தொடுதிரை தாறுமாறாக ஓடுவது ஏன்?

கேள்வி: டேப்லெட்டைச் சார்ஜில் போட்டுக்கொண்டே பார்த்தால், தொடாமலே ஏதேதோ திறக்கிறது. வயரைக் கழற்றினால் சரியாகிவிடுகிறது. திரையை மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள். வயரைக் கழற்றியதும் சரியாகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் சார்ஜரில்தான். கண்ணாடிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன; அவை இண்டியம் டின் ஆக்சைடு என்ற, மின்சாரம் கடத்தும் பொருளால் ஆனவை. நம் உடம்பு மின்சாரம் கடத்துவதால், விரல் பட்ட இடத்தில் அவற்றின் மின்னேற்றம் துளி மாறும். அந்தத் துளி மாற்றத்தை வைத்துத்தான் விரல் எங்கே என்று சிப் கண்டுபிடிக்கிறது. மட்டமான சார்ஜர் மின் இரைச்சலையும், அதாவது மின்சாரத்தில் வரும் தேவையில்லாத ஏற்ற இறக்கத்தையும், சேர்த்து அனுப்பினால், அதையும் விரல் என்றே சிப் நினைத்துக்கொள்ளும். தரமான வேறு சார்ஜரும் கேபிளும் போட்டுப் பாருங்கள். ஈரக் கையால் தொட்டாலும் இதே தொல்லை வரும். தண்ணீரும் மின்சாரம் கடத்துமே! திரையைத் துடைத்தால் போதும்.

கேள்வி: ஐபேடுக்கு முன்பே டேப்லெட் இருந்ததாமே? பிறகு ஏன் 2010-க்கு மேல்தான் பரவியது?

பதில்: இருந்தது. பேனா போன்ற குச்சியால் இயக்கும் கிரிட்பேட் என்ற டேப்லெட் 1989-லேயே வந்துவிட்டது. 2002-ல் டேப்லெட்டுக்கென்றே விண்டோஸ் எக்ஸ்பியின் தனிப் பதிப்பு வந்தது. ஆனால் மவுஸ் முனைக்காக வரைந்த அதன் குட்டிக் குட்டிப் பட்டன்கள் விரலுக்கு அடங்கவில்லை. எடையும் பல மாடல்களில் ஒரு கிலோவைத் தாண்டியது. 2010 ஏப்ரல் 3-ல் விற்பனைக்கு வந்த ஐபேட் 9.7 அங்குலத் திரையோடு 680 கிராம்தான். பேட்டரி 10 மணி நேரம் தாங்கும் என்றது ஆப்பிள். அதில் கேமராகூடக் கிடையாது! ஆனால் ஐபோனுக்காக, விரலை மனதில் வைத்தே எழுதப்பட்ட ஆப்கள் முதல் நாளே அதில் ஓடின. வெற்றிக்கு முதல் காரணம் அதுதான். எடையும் பேட்டரியும் அதற்கு அடுத்தபடிதான்.

கேள்வி: ஆறு மாதம் அலமாரியில் கிடந்த டேப்லெட் ஆன் ஆகவில்லை.

பதில்: முதலில் மேசையில் மல்லாக்க வையுங்கள். ஆடினாலோ, திரையின் ஓரம் தூக்கியிருந்தாலோ பேட்டரி உப்பிவிட்டது. சார்ஜ் போடாதீர்கள், குத்தித் திறக்காதீர்கள், சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள். அப்படி இல்லையென்றால், கம்ப்யூட்டர் யுஎஸ்பியில் செருகாமல் அதற்குரிய சார்ஜரில் இரண்டு மணி நேரம் விட்டு, பவர் பட்டனை 20 விநாடி அழுத்திப் பிடியுங்கள். அடுத்த முறை எடுத்து வைக்கும்போது பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள்.