மஞ்சள் தண்ணீரும் பாவமன்னிப்பும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமை முறையை விடாத தெற்கு மாநிலங்களை எதிர்த்து வடக்குப் படையில் நின்ற ஐரிஷ் படைப்பிரிவு பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறியவர்களை யாருடைய சண்டையிலோ சாகக் கொடுத்தது கத்தோலிக்கப் பாதிரியார்கள்தானே? வெட்டும் முன் ஆட்டின் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பதற்கும் போர்க்களத்தில் பாவமன்னிப்பு கொடுப்பதற்கும் என்ன வித்தியாசம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உவமை பலமானதுதான். ஆனால் நம் ஊரில் ஆடு சிலிர்த்தால்தான் வெட்டுவார்கள். ஐரிஷ்காரர்கள் பாதிரியார் வருவதற்கு முன்பே சிலிர்த்திருந்தார்கள். சிலருக்குச் சம்பளமும் சேர்வதற்கான ஊக்கத்தொகையும். சிலருக்கு, பின்னால் அயர்லாந்தை ஆண்ட இங்கிலாந்தோடு மோதத் துப்பாக்கி பழக வேண்டும். கத்தோலிக்கர் மீதான வெறுப்பில் 1834இல் பாஸ்டனை அடுத்த சார்ல்ஸ்டவுனில் கன்னியர் மடத்தைக் கொளுத்திய நாட்டில், ‘நாங்களும் இந்த மண்ணுக்கு உரியவர்கள்’ என்று காட்டிவிடும் வீம்பும் உண்டு.

1863 ஜூலை 2, கெட்டிஸ்பர்க் போர்க்களம். முந்தைய டிசம்பரில் பிரெடரிக்ஸ்பர்க் சண்டையில் மேட்டில் ஏறிய சுமார் 1,200 பேரில் 545 பேரை இழந்த அந்தப் படைப்பிரிவு, இப்போது ஏறக்குறைய 530 பேராகச் சுருங்கியிருந்தது. ஒவ்வொருவராகப் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்க நேரமில்லை. அருட்தந்தை வில்லியம் கார்பி ஒரு பாறைமேல் ஏறி வலது கையை உயர்த்தி லத்தீனில் பொதுப் பாவமன்னிப்பு வழங்கினார். முழங்காலிட்டிருந்தவர்கள் எழுந்து கோதுமை வயலுக்குள் போனார்கள். சுமார் இருநூறு பேர் இறந்தோ காயப்பட்டோ பிடிபட்டோ போனார்கள்.

கொடியைக் கைவிட்டு ஓடுபவனுக்குத் திருச்சபை கிறிஸ்தவ அடக்கம் தராது என்றும் கார்பி அப்போது சொன்னதாக, அங்கிருந்த அதிகாரி முல்ஹாலண்ட் எழுதியிருக்கிறார். உங்கள் மஞ்சள் தண்ணீர் இதுதான், மறுக்க மாட்டேன். ஆனால் அதே கார்பி, அந்த மன்னிப்பு எதிர்த்தரப்பில் சாகப்போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் என்று பின்னாளில் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். ஒரு ராணுவத்தின் சம்பளப் பட்டியலில் இருந்தவர் இப்படி எழுதியதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

எதிர்த்தரப்பிலும் பாதிரியார்கள் இருந்தார்கள். மிசௌரி வீரர்களோடு தெற்குப் படையில் இருந்த அருட்தந்தை ஜான் பானன், 1863 இறுதியில் தெற்கு அரசின் தூதராக அயர்லாந்துக்கே போய், வடக்குப் படையில் சேராதீர்கள் என்று இளைஞர்களிடம் பிரசாரம் செய்தார். திருச்சபை ஒன்றுதான், லத்தீனும் ஒன்றுதான். பாதிரியார்கள் கைகாட்டிய பக்கமெல்லாம் ஐரிஷ்காரர்கள் போனார்கள் என்றால், எந்தப் பாதிரியார் காட்டிய பக்கம்?

கெட்டிஸ்பர்க் முடிந்து பத்தே நாள். கட்டாய ஆள்சேர்ப்பை எதிர்த்து நியூயார்க் எரிந்தது. 300 டாலர் கட்டினால் தப்பலாம் என்ற சட்டம் ஏழைகளைக் கொதிக்க வைத்தது நியாயம். ஆனால் பெரும்பாலும் ஐரிஷ்காரர்களான அந்தக் கூட்டம் கறுப்பினத்தவரை விளக்குக் கம்பங்களில் தொங்கவிட்டது. கறுப்பினக் குழந்தைகளின் அநாதை இல்லத்தைக் கொளுத்தியது. அதிபர் லிங்கனுக்காக ஐரோப்பா வரை போய் வடக்கின் தரப்பைப் பேசிவந்த நியூயார்க் கத்தோலிக்கப் பேராயர் ஜான் ஹியூஸ், நோயால் நிற்கக்கூட முடியாமல், ஜூலை 17 அன்று தன் வீட்டு மாடி முகப்பில் நாற்காலியில் அமர்ந்து கூட்டத்திடம் பேசினார். அமைதியாகக் கேட்டுவிட்டுக் கலைந்தார்கள். அநாதை இல்லம் எரிந்து அதற்குள் நான்கு நாள் ஆகியிருந்தது.