மகளுக்கு எந்தப் பிரிவு?

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. பத்தாம் வகுப்பில் கணக்கில் 97 வாங்கியிருக்கிறாள். கணக்கு, கம்ப்யூட்டர் உள்ள பிரிவுதான் வேண்டும் என்கிறாள். அவள் அண்ணனை இன்ஜினீயரிங் படிக்க வைத்ததிலேயே நிலம் அடமானத்தில் கிடக்கிறது. "பொம்பளைப் பிள்ளைக்கு மெஷினும் கம்பெனியும் எதுக்கு? காமர்ஸ்ல சேரு" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். என்ன செய்யலாம்?
ஒரு வாசகர், நீடாமங்கலம்

பதில்: சொந்தக்காரர்கள் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதியிருக்கிறீர்கள். மகள் அந்தப் பிரிவை ஏன் கேட்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. முதலில் அதை அவளிடம் கேளுங்கள்.

பொம்பளைக்கு மெஷின் எதற்கு என்பவர்கள் உங்கள் ஊர் வயலையே பார்க்கட்டும். குனிந்த இடுப்பு நிமிராமல் நாற்று நட்டதும் களை பறித்ததும் பெண்கள். நடவு இயந்திரம் வந்தபோது அதன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தவர் ஆண். இடுப்புவலி போனதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த இயந்திரத்தை ஓட்டவோ, பழுது பார்க்கவோ நடவுப் பெண்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தோம்? வேலையோடு கூலியும் அவர்கள் கையை விட்டுப் போனது.

கொள்ளிடத்தைத் தாண்டினால் அரியலூர். அங்கே பிறந்த என்.வளர்மதி, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் பி.இ. படித்து இஸ்ரோவில் சேர்ந்தவர். 2012 ஏப்ரலில் விண்ணுக்குப் போன ரிசாட்-1 செயற்கைக்கோளின் திட்ட இயக்குநர் அவர்தான். ஐப்பசி, கார்த்திகையில் நம் சம்பாப் பயிருக்கு மேலே மேகம் மூடிக் கிடக்கும். கேமரா உள்ள செயற்கைக்கோளுக்கு வயல் தெரியாது. ரிசாட்-1 ரேடாரில் பார்த்தது. ரேடார் அலை மேகத்தை ஊடுருவும், ராத்திரியிலும் படம் எடுக்கும். எவ்வளவு நிலத்தில் நெல் நிற்கிறது, எங்கே வெள்ளம் தேங்கியிருக்கிறது என்று அதை வைத்துக் கணக்கிடலாம். தமிழக அரசின் அப்துல் கலாம் விருதை 2015-இல் முதன்முதலாகப் பெற்றவரும் அவரே. 2023-இல் காலமானார். அரியலூரிலும் அன்றைக்குச் சொந்தக்காரர்கள் இருந்திருப்பார்கள்.

பணக் கவலை நியாயமானது. ஆனால் அண்ணனின் கடனுக்குத் தங்கையின் படிப்பை ஈடு வைக்காதீர்கள். பொறியியல் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். தொழில்நுட்பக் கல்வியில் சேரும் பெண்களுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் (ஏ.ஐ.சி.டி.இ.) பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஒன்றை மறக்காதீர்கள். உள் ஒதுக்கீடு கிடைக்க ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். "பிளஸ் ஒன்னுக்காவது நல்ல பிரைவேட்டில் போடு" என்று அதே சொந்தக்காரர்கள் சொல்வார்கள். கேட்டுவிடாதீர்கள்.

காமர்ஸ் மட்டமான படிப்பு இல்லை. அதை விரும்பி எடுக்கிற பிள்ளை எடுக்கட்டும். ஆனால் கணக்கும் இயற்பியலும் வேதியியலும் இல்லாமல் பிளஸ் டூ முடித்தால் பொறியியல் கலந்தாய்வு வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும். இரண்டு வருஷம் கழித்து நீங்களே மனம் மாறினாலும் பயன் இருக்காது.

சேர்க்கைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பிரிவின் பெயரை விண்ணப்பத்தில் அவளே எழுதட்டும், கீழே நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். எதில் சேர்ந்தாள் என்று எனக்கு ஒரு கடிதம் வரவேண்டும்.