எத்துக்கு இங்கிருந்தீர்?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு இதய அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். குலதெய்வக் கோயிலில் பூப்போட்டுக் கேட்டோம், சிவப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து தூக்கமில்லை. ‘நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்’ என்று தினமும் பாடுகிறேன், பயம் போகவில்லை. எல்லாவற்றையும் சாமியிடம் விட்டவளுக்குப் பயம் வரக் கூடாது என்கிறார் உறவினர் ஒருவர். என் நம்பிக்கை பொய்யா? – ஒரு வாசகி, பெருந்துறை

பதில்: முதலில் அந்தப் பூவைப் பேசிவிடுவோம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு அரளி. சிவப்பு வந்தால் சாமி உத்தரவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். இரண்டையும் ஒரே மாதிரி மடித்துச் சாமி முன்னால் போட்டு, விவரம் தெரியாத ஒரு குழந்தையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் கூடியிருப்பவர்களுக்கு மூச்சு நின்றுவிடும். சம்பந்தம் பேச, காடு வாங்க, கிணறு வெட்ட என்று கொங்கு நாட்டில் இதைக் கேட்காத குடும்பம் குறைவு. சிவன்மலை முருகன் கோயிலில் பக்தர் கனவில் ஆண்டவர் சொன்ன பொருளைக்கூடப் பூக்கேட்ட பிறகுதான் உத்தரவுப் பெட்டியில் வைக்கிறார்கள். நான் இந்த வழக்கத்தை மதிக்கிறவன். இதுவும் சரி, அதுவும் சரி என்று வீடு இரண்டுபட்டு நிற்கும்போது, சண்டை வளராமல் முடிவைச் சாமி கையில் விடுவதற்குப் பெரியவர்கள் வைத்த வழி அது. இதயத்துக்குப் போகிற குழாயில் அடைப்பு இருக்கிறதா என்பது அப்படிப்பட்ட விஷயம் இல்லை அம்மணி. படம் எடுத்துப் பார்த்தாயிற்று, மருத்துவர் சொல்லியாயிற்று. அதற்குமேல் குழந்தை கையில் பொட்டலத்தைக் கொடுப்பது குழந்தைக்கும் பாரம், சாமிக்கும் பாரம். பூவைக் காட்டி வைத்தியத்தைத் தள்ளிப்போடாதீர்கள் என்று எழுதும்போதெல்லாம், நாத்திகம் பேசுகிறேன் என்று கடிதங்கள் வருகின்றன. வரட்டும். இன்னும் எழுதுவேன்.

திருச்செங்கோட்டில் ஞானசம்பந்தர் தங்கியிருந்தபோது அடியார்களைக் குளிர்சுரம் பிடித்தது. அப்போது பாடியதுதான் திருநீலகண்டப் பதிகம். விதி என்று சும்மா உட்காருகிறவர்களை அதன் முதல் பாட்டிலேயே அதட்டுகிறார்: ‘உய்வினை நாடா திருப்பதும் உந்தமக் கூனமன்றே.’ பிழைக்கிற வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குத்தானே குறை என்று கேட்கிறவர் திருஞானசம்பந்தர். அவரையும் நாத்திகர் என்பார்களா?

இனி உங்கள் பயம். ‘நமனை அஞ்சோம்’ என்று பாடிய அப்பர் எடுத்த எடுப்பிலேயே அப்படிப் பாடிவிடவில்லை. திருவதிகையில் அவர் பாடிய முதல் பதிகம் ‘கூற்றாயினவாறு விலக்ககிலீர்’. குடலை முறுக்கிய சூலை நோய் தாங்காமல் ‘ஆற்றேன் அடியேன்’ என்று அலறிய பாட்டு அது. நமனை அஞ்சோம் என்ற பாட்டு பிற்பாடு, பல்லவ மன்னன் ஆளனுப்பியபோது பாடியது. தாங்க முடியவில்லை என்று போய் விழுந்த அன்றைக்கே அவரை ஆட்கொண்டாயிற்று. அஞ்சாமை அப்புறம் வந்தது. அப்பருக்கே அந்த வரிசை என்றால், நீங்கள் மட்டும் பயத்தைத் துடைத்துப்போட்டுவிட்டுத்தான் சந்நிதிக்குள் நுழைய வேண்டும் என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? கஷ்டத்தில் இருப்பவர்களிடம் போய் ‘உனக்கு நம்பிக்கை பத்தலை’ என்று சொல்கிற பழக்கம் எனக்கு ஆகவே ஆகாது. பக்தியின் பெயரால் நடக்கிற கொடுமை அது.

பங்குனியில் பண்ணாரி மாரியம்மன் கோயிலில் தீமிதிக்கிற குண்டத்துக்கு வரிசையில் நிற்பவர்களைப் பாருங்கள். ஈர மஞ்சள் துணி, கையில் வேப்பிலை, உதட்டில் ஓயாத முணுமுணுப்பு. எரிகரும்பு என்கிற விறகு எரிந்து தணலாகி அனல் முகத்தில் அடிக்கும்போது பலருக்கு முழங்கால் ஆடும். ஆடுகிற காலோடுதான் ஆத்தாளைக் கூப்பிட்டுக்கொண்டு இறங்குகிறார்கள். பயமில்லாதவர் மட்டும் வாருங்கள் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. மனிதர்கள் இறங்கி முடித்த பிறகு மாடு கன்றுகளையும் ஓட்டுவார்கள். அவற்றின் மிரட்சியைப் பார்த்து யாராவது பக்தி பத்தாது என்று திருப்பி அனுப்புகிறார்களா?

கொங்கு நாட்டில் பாடல்பெற்ற தலங்கள் 7தான். அவற்றில் ஒன்று திருப்பூர் அவிநாசி சாலையில் இருக்கிற திருமுருகன்பூண்டி. சாலையோரச் சிற்பக் கூடங்களின் உளிச்சத்தம் ஊருக்கு அடையாளம். சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொன்னோடு சுந்தரர் அந்த வழியாக வந்தபோது, வேடர்கள் அடித்துப் பறித்துக்கொண்டார்கள். சிவபூதங்களே வேடராக வந்தன என்கிறது புராணம். அது அப்போது சுந்தரருக்குத் தெரியாது. நேரே கோயிலுக்குள் போனார். ‘குத்திக் கூறை கொண்டு’ வழிப்பறி செய்கிற ஊரில் அம்மையையும் வைத்துக்கொண்டு ‘எத்துக்கு இங்கிருந்தீர் எம்பிரானீரே’ என்று கேட்டார். காவல் காக்க முடியாத நீர் இங்கே எதற்குக் குடியிருக்கிறீர் என்ற கேள்வி! ஒருமுறை கேட்டதோடு விடவில்லை, பாட்டுக்குப் பாட்டு அதையே கேட்டு மடக்குகிறார். பொருள் திரும்பி வந்தது. ஆனால் எனக்கு முக்கியம் அதுவல்ல. பயமும் கோபமும் வந்தபோது சுந்தரர் வேறெங்கும் போகவில்லை, சிவனிடமே போனார். சரணாகதி என்றால் எனக்குத் தெரிந்து இதுதான். பக்கத்திலேயே இருந்துகொண்டு இந்தப் பதிகத்தை நாம் பாடாமல் விட்டதில் எனக்குத் தீராத ஆற்றாமை உண்டு. நம் ஊர் மண்ணில் நின்று, நமக்கு வருகிற கோபத்தில் பாடியது. இதைவிட நெருக்கமாக வேறு எந்தப் பாட்டு வரும்? ஒரு நாள் போய் அங்கே உட்காருங்கள். அழுகை வந்தால் அழுங்கள், கோபம் வந்தால் கேளுங்கள்.

சிகிச்சை நடக்கிற நேரத்துக்கு ஒன்று சொல்கிறேன். வெளியே காத்திருக்கும்போது மனசு ஒரு நிலையில் நிற்காது, முழுப் பாட்டும் வாயில் வராது. அதைத் தெரிந்தவர் மாதிரி கொடுமுடியில் அதே சுந்தரர் பாடி வைத்திருக்கிறார்: ‘நற்றவா உனை நான் மறக்கினும் சொல்லும் நா நமச்சிவாயவே.’ மனசு மறந்தாலும் நாக்கு சொல்லிக்கொண்டிருக்கும். அது போதும்.

திரும்பப் பூக்கேட்க வேண்டாம். குறித்த நாளில் போங்கள். அதற்குமுன் மருத்துவரிடம் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடுகிற மாத்திரை இருந்தால் எப்போது நிறுத்துவது, சர்க்கரை மாத்திரையை என்ன செய்வது, எத்தனை பேர் ரத்தம் கொடுக்க வர வேண்டும் என்று கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிட வேண்டாம். பணம் கவலையாக இருந்தால் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை உங்களுக்குச் செல்லுமா என்று ஆஸ்பத்திரியிலேயே விசாரியுங்கள். அவர் வீடு திரும்பியதும் எனக்கு எழுதுங்கள். இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.