சம்பந்தி வீட்டுக் காட்லுவும் நம் வீட்டு லேகியமும்

கேள்வி: என் மகள் வடோதராவில் குஜராத்திக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். நவம்பர் கடைசியில் பிரசவம், அங்கேயே பார்ப்பதாக முடிவு. நான் லேகியத்துக்கு எல்லாம் வறுத்துப் பொடித்து வைத்துவிட்டேன். சம்பந்தியம்மாவோ, ‘காட்லு நான் செய்கிறேன், சுவாவும் தருகிறேன்’ என்கிறார். அதெல்லாம் என்ன? நம் மருந்தோடு ஒத்துப்போகுமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பேர்களைத் தமிழில் சொல்லிவிடுகிறேன் அம்மா, பாதிப் பயம் போய்விடும். சூண்ட் என்றால் சுக்கு. அஜமோ, ஓமம். சுவா, நம்ம சதகுப்பை. கண்டோடா, கண்டந்திப்பிலி. கல்யாணமாகி அகமதாபாத் மணிநகருக்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டு மாசி (அங்கே சித்தி, பெரியம்மாவை இப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒரு டப்பாவைத் திறந்து “கண்டோடா, கண்டோடா” என்று காட்டினார். ஒன்றும் புரியாமல் மோந்து பார்த்தேன். உடம்பு வலிக்குப் பாட்டி வைக்கிற ரசத்தின் வாசனை! அங்கேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

காட்லுவுக்கு உயிர் பத்ரீசு என்கிற பொடி. பத்ரீஸ் என்றால் 32. அத்தனை மூலிகையும் மசாலாவும் சேர்ந்தது. அங்கே நாட்டு மருந்துக் கடைக்குக் காந்தி கடை என்று பேர், பொடியாகவே கிடைக்கும். கோதுமை மாவை நெய்யில் வறுத்து, வெல்லம், கொப்பரை, பாதாம், குந்தர் என்கிற பிசின் எல்லாம் போட்டு, இந்தப் பொடியைக் கலந்து வில்லை போடுவார்கள். பிள்ளை பெற்றவளுக்கு ‘சவா மகினோ’, அதாவது ஒன்றேகால் மாதம் ஓய்வு. அந்த நாட்களில் காலையில் ஒரு வில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு மென்று தின்ன, வறுத்த சுவா.

ஆக, இரண்டு வீட்டு மருந்தும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனாலேயே இரண்டையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். சுக்கும் திப்பிலியும் இரட்டிப்பானால் வயிறு எரியும், நெய்யும் வெல்லமும் கணக்கில்லாமல் போகும். என் பிரசவத்தில் காலை மாசியின் காட்லு, மதியம் அம்மாவின் பூண்டுக் குழம்பு. லேகியம் டப்பாவிலேயே இருந்தது, அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்திருந்தால், எதைக் கொடுக்கும் முன்பும் டாக்டரைக் கேளுங்கள்.

குந்தர் பற்றி ஒரு வார்த்தை. அதைப் பாதாம் பிசின் என்று நினைத்து ஊறப்போட்டுவிடாதீர்கள். இது வேல மரத்துப் பிசின், நெய்யில் பொரிக்க வேண்டும். நான் முதல் தடவை அவசரமாகப் பெரிய தீயில் ஒரு கை அள்ளிப் போட்டேன். வெளியே பூவாய்ப் பொரிந்தது, உள்ளே கண்ணாடித் துண்டு மாதிரி பச்சையாக நின்றது. கடித்தவர்களுக்கெல்லாம் பல்லில் பசை. மாசி காட்டிக் கொடுத்தது இப்படி: மிளகளவாக உடைத்து, நடுத்தர தீயில், ஒரு தடவைக்கு ஒரு ஸ்பூன்தான். பொரிந்ததில் ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினால் மாவாக உதிர வேண்டும். நடுவில் கல் மாதிரி நெருடினால் இன்னும் ஆகவில்லை. பிறகு கிண்ணத்தின் அடியால் நுணுக்கிக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியே ஆக வேண்டும். பிறந்த குழந்தைக்குப் பெரியவர் ஒருவர் முதலில் வெல்லத் தண்ணீரோ தேனோ நாக்கில் வைக்கும் பழக்கம் அங்கும் உண்டு, களதூதி என்பார்கள். நாம் சேனை வைக்கிறோமே, அதேதான். இரண்டு வீட்டாரும் அதை விட்டுவிடுங்கள். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம். தேன் 1 வயது முடியும்வரை கூடவே கூடாது, அதிலுள்ள கிருமி பச்சைக் குழந்தையின் நரம்பையே பாதிக்கும். சம்பந்தியம்மாவிடம் இப்போதே, பிரசவத்துக்கு முன்னாலேயே பேசுங்கள். அந்த நேரத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் மறுத்தால் மனஸ்தாபமாகும். எங்கள் வீட்டில் மாசிதான் குழந்தையை முதலில் மடியில் வாங்கினார். வெல்லத்தை என் வாயில் போட்டார்.

கேள்வி: அடதியா சாப்பிட்டால் முட்டி வலி போகும் என்று குஜராத்தி நண்பர் சொல்கிறார். இந்த மே மாதமே செய்து சாப்பிடலாமா? எனக்கு வயது 61.
– ஒரு வாசகர், சேலம்

பதில்: வேண்டாம் ஐயா. அடதியா உளுந்து மாவு, நெய், குந்தர், சர்க்கரை சேர்ந்த கனமான பண்டம். அது வசாணா, குளிர்காலத்துக்கென்றே உள்ளது. தீபாவளி கழிந்து குளிர் இறங்கியதும் கிளறுவார்கள். ஜனவரியில் அகமதாபாத்தின் காலைக் குளிர் 12 டிகிரி வாக்கில் இருக்கும், அதற்கு அது தாங்கும். அப்போதும் ஒரு வில்லைதான். வெயில் ஏறினால் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மோருக்கும் சோம்பு சர்பத்துக்கும் மாறிவிடுவார்கள். முட்டிக்கு மருந்து என்று நம்பி நெய்யை ஏற்றிக்கொள்ளாதீர்கள், எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

ஆசைக்கு, மழைக்காலச் சளியின்போது ராப் செய்து குடியுங்கள். ஒரு ஸ்பூன் நெய்யில் சிட்டிகை ஓமம், ஒரு ஸ்பூன் கம்பு மாவு போட்டு வாசம் வர வறுத்து, ஒன்றரை டம்ளர் வெல்லத் தண்ணீர், சுக்குப் பொடி, கண்டந்திப்பிலிப் பொடி சேர்த்துக் கொதிக்க விடுங்கள். ஊதி ஊதிக் குடிக்கிற சூட்டில் இருக்க வேண்டும். சர்க்கரை நோய் இருந்தால் வெல்லத்துக்குப் பதில் உப்பு.