சுகர் மாத்திரை ஈரலைக் கெடுக்குமா?

கேள்வி: டாக்டர் ஐயா, எனக்கு 58 வயது. மாட்டுத்தாவணியில் மல்லிகை எடுத்துவந்து திருமங்கலத்தில் கட்டி விற்கிறேன். 9 வருடமாக மெட்ஃபார்மின் 1000, காலை ஒன்று, ராத்திரி ஒன்று. போன மாதம் ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்றார்கள். உள்ளங்காலும் மதமதவென்று இருக்கிறது. மாத்திரைதான் ஈரலைக் கெடுக்கிறது, நிறுத்து என்கிறான் மகன். வள்ளலார் வழிக்கு வந்து 6 வருடமாகக் கவிச்சி கிடையாது. பாலுக்குப் பயந்து கடுங்காப்பிதான் குடிக்கிறேன். நிறுத்திவிடவா?

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. ஈரலில் கொழுப்பு சேர்வது சுகர்காரர்களுக்குச் சகஜம். அது மாத்திரை கொண்டுவந்ததல்ல. ஆனால் உங்கள் மகன் மாத்திரையைச் சந்தேகப்பட்டதில் வேறொரு நியாயம் இருக்கிறது. நரம்புக்கும் ரத்தத்துக்கும் வேண்டிய பி12 என்ற சத்தைச் சாப்பாட்டிலிருந்து குடல் உறிஞ்சுவதை மெட்ஃபார்மின் குறைக்கும். 2010-ல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில், நாலு வருடத்துக்கு மேல் இதைச் சாப்பிட்டவர்களுக்கு, மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட பி12 அளவு 19 சதவீதம் இறங்கியிருந்தது. உங்களுக்கோ வரவே இல்லை: கறி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. ஈரலில் சேமித்திருப்பதுதான் இத்தனை வருடம் ஓடியிருக்கும். கீரை ஈடுகட்டுமே என்றால், முருங்கைக்கீரையில் ஃபோலேட் என்ற இன்னொரு பி சத்து உண்டு, பி12 கிடையாது.

பி12 குறைந்தால் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஏறும். அது ஈரலில் சின்டாக்ஸின் 17 என்ற புரதத்தில் ஒட்டிக்கொண்டு, செல்கள் தங்கள் கழிவையும் கொழுப்பையும் அப்புறப்படுத்தும் வேலையை முடக்குகிறது என்று 2022-ல் சிங்கப்பூர் டியூக்-என்யூஎஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் காட்டினார்கள். பி12-ம் ஃபோலிக் அமிலமும் (ஃபோலேட்டின் மாத்திரை வடிவம்) கொடுத்ததும் ஈரல் வீக்கமும் தழும்பும் குறைந்தன. ஆனால் அது நடந்தது எலிகளுக்கு! அதை நம்பி மெடிக்கலில் ஊசி வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஈரலைவிட எனக்கு உங்கள் கால்தான் கவலை. மதமதப்பு என்று வந்த ஒரு அம்மாவுக்கு நானே 3 வருடம் 'சுகர் நரம்பு' என்று எழுதிக்கொண்டிருந்தேன். பி12 பார்க்கவில்லை. பிறகு பார்த்து ஊசி போட்டோம். பாதி மதமதப்புதான் விட்டது. உங்களுக்கும் சுகர் காரணமாக இருக்கலாம், பி12 காரணமாக இருக்கலாம், இரண்டுமேகூட. அடுத்த ரத்தப் பரிசோதனையில் பி12-ஐயும் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் சத்து மாத்திரை எதையும் தொடாதீர்கள், அளவு தப்பாகக் காட்டும். ஃபோலிக் அமிலத்தை மட்டும் போட்டாலோ பி12 குறைவால் வரும் ரத்தசோகை வெளியே தெரியாமல் மறைந்துவிடும், நரம்பு கெடுவது நிற்காது. குறைவு என்று வந்தால் மாத்திரையா ஊசியா என்பதை உங்கள் டாக்டர் சொல்லட்டும்.

வள்ளலார் பாலை விலக்கவில்லையே! சர்க்கரை போடாமல் காப்பியில் கொஞ்சம் பால் விடுங்கள், மத்தியானம் மோர் குடியுங்கள். அப்புறம், விடிகாலை மார்க்கெட்டில் வெறுங்காலோடு நிற்காதீர்கள். முள் ஏறினால்கூட உங்களுக்குத் தெரியாது.