குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆள்

வணக்கம் சார்,

சென்ற மாதம் எங்கள் கல்லூரியில் கலைவிழா. சுற்றுச்சூழல் மன்றம் சார்பில் வளாகம் முழுக்க மட்கும் குப்பைக்குப் பச்சை, மட்காததற்கு நீலம் என்று ஜோடி ஜோடியாகத் தொட்டி வைத்தோம். போஸ்டர் ஒட்டினோம், மேடையில் உறுதிமொழிகூட எடுக்கவைத்தோம். முதல் நாள் மதியமே இரண்டு தொட்டியிலும் ஒரே குப்பைதான். கடைசியில் கூட்டுகிற அக்காமார்தான் கையால் கிளறிப் பிரித்தார்கள். 'ஜப்பானில் பாட்டில் மூடியைக்கூடத் தனியாகப் போடுவான், நம்ம ஆட்களுக்கு அது வராது' என்றார் ஒரு பேராசிரியர். அடுத்த வருடமும் இதைச் செய்யத்தான் வேண்டுமா?

மூன்றாமாண்டு மாணவி, நாகர்கோவில்

அன்புள்ள மாணவிக்கு,

செய்யுங்கள். உறுதிமொழியை மட்டும் விட்டுவிடுங்கள்.

பேராசிரியர் சொன்னது பாதி சரி. ஜப்பானில் பெட் பாட்டிலையும் மூடியையும் லேபிளையும் பிரித்துப் போடுவது வழக்கம்தான். ஆனால் அங்கும் பல பல்கலைக்கழக விழாக்களில் தொட்டிக்குப் பக்கத்தில் மாணவர்கள் முறை வைத்து நிற்கிறார்கள், எதை எதில் போடுவது என்று சொல்ல. தினமும் வீட்டில் பிரித்துப் பழகிய ஊருக்கே ஆள் தேவைப்படுகிறது. நாம் தொட்டியை வைத்துவிட்டு டான்ஸ் பார்க்கப் போய்விடுகிறோம்.

போன வருடம் நான் படித்த பள்ளியின் பழைய மாணவர் கூட்டத்தில், சாப்பாட்டுப் பந்தலுக்கு வெளியே ஒரு மணி நேரம் நின்றேன். முதலில் சும்மா வேடிக்கைதான். வருகிறவர் இடது கையில் தட்டு. அதில் எலும்பு, பாதிப் புரோட்டா, கசக்கிய டிஷ்யூ, எல்லாவற்றுக்கும் மேல் கவிழ்த்த பேப்பர் கப். வலது கை எச்சில். சட்டைப் பையில் போன் அடிக்கிறது. தொட்டி முன்னால் அவர் நிற்பது இரண்டு விநாடி. அதன் நிறத்தையோ எழுத்தையோ பார்ப்பதில்லை, உள்ளே எட்டிப் பார்க்கிறார். உள்ளே தட்டு கிடந்தால் தட்டோடு போடுகிறார். முதலில் வந்த பத்துப் பேர் போட்டதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் போடுகிறார்கள்.

அப்புறம் நானே 'அண்ணே, எலும்பு இதுல, கப்பு அதுல' என்று சொல்ல ஆரம்பித்தேன். ஒருத்தர்கூட முறைக்கவில்லை. ஒரு பெரியவர் டிஷ்யூவைத் தூக்கிக் காட்டி 'இது எதுலடே?' என்றார். முழித்தேன். குழம்பு பட்ட காகிதம் பழைய பேப்பர் கடைக்கு ஆகாது, மட்கும் பக்கம்தான் போகவேண்டும் என்று பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பேப்பர் கப்பில் நாம் எல்லோருமே ஏமாறுகிறோம். காகிதம்தானே என்று பச்சைத் தொட்டியில் போடுகிறோம். உள்ளே பளபளக்கும் பிளாஸ்டிக் பூச்சு மட்காது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடையில் இருக்கும் பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய கப்பும் தட்டும் உண்டு. ஆகவே உங்கள் வேலை தொட்டியில் தொடங்குவதில்லை, ஸ்டால்காரரிடம் வாடகை பேசும் நாளில் தொடங்குகிறது. எவர்சில்வர் டம்ளர், இருபது ரூபாய் முன்பணம், திருப்பித் தந்தால் பணம் வாபஸ். சாப்பாட்டுக்கு வாழையிலை. நம் ஊரில் இலைக்கட்டுக்கா பஞ்சம்? பனையோலைப் பட்டையில் அக்கானி (பதநீர்) குடித்துவிட்டுப் பட்டையை வேலியோரம் எறிந்த காலத்தில் பச்சை, நீலம் தேவைப்படவில்லை.

ஜப்பான் வரை போகவும் வேண்டாம், எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்டினால் போதும். கேரளத்தில் 2015 தேசிய விளையாட்டுப் போட்டியைப் பசுமை நெறிமுறை வைத்து நடத்தினார்கள். கழுவிப் பயன்படுத்தும் பாத்திரம்தான் அதன் அடிப்படை. அங்கிருந்து வந்து நம் பக்கம் கொட்டும் கழிவு லாரி விஷயத்தில் நமக்கு அவர்கள்மேல் கோபம் உண்டு, நியாயமான கோபம்தான். அதற்காக நல்லதைப் பார்த்துச் செய்யக்கூடாது என்றில்லையே.

இன்னொன்று. பிரித்த குப்பை எங்கே போகிறது என்று முன்கூட்டியே கேளுங்கள். உரிமம் இல்லாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் மூன்று வேலை நாளுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தகவல் தரவேண்டும், குப்பையைப் பிரித்தே ஒப்படைக்கவேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளிலேயே இருந்தது. இப்போது விதி என்ன, கல்லூரி வளாகத்துக்கு அது பொருந்துமா என்று வாதாடிக்கொண்டிருக்காமல், மாநகராட்சிச் சுகாதார ஆய்வாளரை ஒரு தடவை போய்ப் பாருங்கள். நீங்கள் பாடுபட்டுப் பிரித்ததெல்லாம் ஒரே லாரியில் ஏறினால் அடுத்த வருடம் யாரும் உங்களை நம்பமாட்டார்கள். கலந்த குப்பை வலம்புரிவிளைக் குப்பைக் கிடங்கில் எரிந்தால் புகை எப்படியிருக்கும் என்று நாகர்கோவில்காரருக்குச் சொல்லவேண்டியதில்லை. எச்சில் இலையை வளாகத்திலேயே குழி வெட்டி மண் போட்டு மூடலாம். தென்னை மூட்டுக்கு நல்ல உரம். எலும்பை மட்டும் ஆழமாகப் புதையுங்கள், இல்லாவிட்டால் ராத்திரியே நாய் தோண்டிவிடும்.

அந்த அக்காமாரிடம் விழாவுக்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டீர்களா? தொட்டி எங்கே இருந்தால் நிரம்பும், எங்கே சும்மா கிடக்கும் என்று உங்கள் மன்றத்தில் யாரையும்விட அவர்களுக்குத் தெரியும்.

தேதி முடிவானதும் எழுதுங்கள். சாப்பாட்டு நேரத்துக்கு ஆள் குறைந்தால் நான் வந்து நிற்கிறேன். டிஷ்யூ எதில் என்று இப்போது எனக்குத் தெரியும்.